மெலிய வைத்த ஊசிக்குப் பிறகு தையல் ஊசி: திருகோணமலைக் கடைகளில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

உடம்பு மெலியக் கிழமைக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ போடுகிற அந்த ஊசி வேலை செய்தால் நன்றாகவே செய்கிறது. இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமக்ளுடைட்டை 2.4 மில்லிகிராம் அளவில் எடுத்தவர்கள் 68 கிழமையில் சராசரியாக உடல் நிறையில் 14.9 வீதத்தை இழந்தார்கள் என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. இன்னொன்றான டிர்செபடைட்டின் உச்ச அளவில் 72 கிழமைக்கு 20.9 வீதம் என்று 2022இல் வந்தது. 90 கிலோ ஆளுக்கு அது 13 முதல் 19 கிலோ. சீனி இறங்கும், பிரஷர் இறங்கும், முழங்கால் நோவு குறையும். கூடவே கன்னம் ஒட்டும், கழுத்துத் தோல் தளரும், சட்டை தோளில் நிற்காது. பத்திரகாளி அம்மன் கோவிலடியில் கண்டவர் "என்ன, ஏதும் வருத்தமோ?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பயந்து வாங்கப்படும் சாமான்கள் கொஞ்சமல்ல. பஸ் நிலையத்தில் இறங்கி மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதி என்று ஒரு சுற்று நடந்தால் தையல்கடை, நகைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, பார்மசி, சலூன், பியூட்டி பார்லர், ஜிம் சாமான் விற்கும் கடை எல்லாமே இதற்கு ஏதோ ஒன்றைக் கையில் தரும். எங்கள் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறோம்: காசு முதலில் போகவேண்டிய இடம் தையல்கடை, கடைசியாகப் போகவேண்டிய இடம் "தோலை இறுக்கும்" கிறீம் போத்தல். பெரும்பாலானோர் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். கடைப் பெயர் எதுவும் இதில் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்டால் திரும்பி வரவேண்டும் என்பதுதான் இது.

தையல்கடை

முதல் பிழை, அவசரப்பட்டுப் போவது. வெகோவி என்ற பெயரில் விற்கும் செமக்ளுடைட் ஊசி 0.25 மில்லிகிராமில் தொடங்கி 4 கிழமைக்கு ஒரு படியாக ஏறும். 2.4ஐத் தொடவே 16 கிழமை போய்விடும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நிறை இறங்கும். இந்த நாட்களில் அலமாரி முழுவதையும் தூக்கிக்கொண்டு போனால் மூன்று மாதத்தில் அதே உடுப்புக்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டிவரும். வேலைக்குப் போக நாலைந்து உடுப்பை மட்டும் எடுத்து, பெரிய ஓட்டுத் தையலில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். பிரிப்பதும் சுகம், கூலியும் குறைவு. இடுப்பு அளவு இரண்டு மாதமாக அரை அங்குலத்துக்கு மேல் அசையவில்லை என்றால்தான் நிரந்தரத் தையல்.

பெண்களுக்கு ஒரு முன்வேலை இருக்கிறது. புது அளவில் உள்ளாடை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டும். பழைய உள்ளாடையின் பட்டி முதுகில் மேலேறி, மார்பு தாழ்ந்து நிற்கும். அந்த நிலையில் எடுத்த அளவுக்குத் தைத்த சட்டை புது உள்ளாடையோடு ஒருநாளும் பொருந்தாது. தையல்காரர் இதைக் கேட்க வெட்கப்படுவார், நீங்களே சொல்லுங்கள்.

சாறிச் சட்டையில் கணக்கு இப்படிப் போகும். பக்கத் தையலில் முன்துணி, பின்துணி இரண்டிலும் அரை அங்குலம் உள்ளே எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 1 அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து 2 அங்குலம் சுற்றளவு குறையும். அரை அங்குலம் வரை யாரும் செய்து தருவார்கள். முக்கால் அங்குலத்துக்கு, அதாவது மொத்தம் 3 அங்குலத்துக்கு, நல்ல கை வேண்டும். 1 அங்குலத்தை, அதாவது மொத்தம் 4ஐத் தாண்டினால் பக்கத்தை மட்டும் பிடித்துச் சரிவராது. கைவளைவு சிறுத்து அக்குளில் இழுக்கும், டார்ட்டின், அதாவது மார்பு வடிவுக்குப் பிடித்த மடிப்பின், முனை மார்பின் நடுவை விட்டுப் பக்கமாக ஓடும், கழுத்து முன்னால் வாய் பிளந்து நிற்கும். அப்போது கையைக் கழற்றி, தோள் தையலில் கால் முதல் அரை அங்குலம் எடுத்து, டார்ட்டைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். மார்பு வற்றியவருக்கு அதன் உச்சி முன்பைவிடக் கீழே இருக்கும், ஆகவே டார்ட்டின் முனையும் இறங்க வேண்டும். முனை உச்சிக்கு முக்கால் அங்குலம் முன்பே முடிய வேண்டும், உச்சியிலேயே போய் முடிந்தால் கூராகத் துருத்தும். இவ்வளவையும் சொல்லாமலே செய்கிற தையல்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். "எல்லாம் பக்கத்தில பிடிச்சாச் சரி" என்பவரிடம் விலை உயர்ந்த கூறைப்பட்டுச் சட்டையைக் கொடுக்க வேண்டாம்.

கை அளவுதான் இந்த உடம்புக்குத் தனிப் பாடம். கொழுப்பு நிறைந்த கை உருண்டு நிற்கும், எப்படி அளந்தாலும் ஒரே எண் வரும். வற்றிய கையில் தோல் தொங்குகிறது. கையைக் கீழே விட்டு அளந்தால் ஒரு எண், பக்கவாட்டில் நீட்டி அளந்தால் இன்னொரு எண். இரண்டையும் எடுத்து, பெரியதோடு 1 அங்குலம் கூட்டிக் கை விளிம்பை வைக்கச் சொல்லுங்கள். சின்ன எண்ணுக்கு இறுக்கமாகத் தைத்தால் விளிம்புக்குக் கீழே தோல் மடிந்து பிதுங்கும், மறைக்க நினைத்தது அங்கேதான் துலக்கமாகத் தெரியும். முழங்கைக்குச் சற்று மேலோ கீழோ முடியும் கை எல்லோருக்கும் எடுப்பாக வரும். மேல்கையின் நடுவில் முடிவது எவருக்கும் சரிவராது.

ஆண்களின் நீளக் காற்சட்டையில் பின்நடுத் தையலில் ஒன்றரை, மிஞ்சினால் 2 அங்குலம் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் பின்பொக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடும், பக்கத் தையல் பின்னால் திரும்பும். 3 அங்குலத்துக்கு மேல் என்றால் இடுப்புப் பட்டியைக் கழற்றி, பொக்கெட்டைப் பிரித்து, பக்கங்களில் எடுக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புதியதையே பார்க்கலாம். ஜீன்ஸின் பக்கத் தையல் மடித்து இரட்டையாகப் போட்டது, எல்லா மெஷினும் அதைத் திரும்பப் போடாது. கடையில் கனத்த துணி தைக்கும் மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஷேர்ட்டில் பார்க்கவேண்டியவை கொலரும் தோளும். கொலர் பொத்தானைப் பூட்டி நாலு விரல் தாராளமாக உள்ளே போனால் அந்த ஷேர்ட்டைக் கொடுத்துவிடுங்கள். கொலரைச் சின்னதாக்குவது செலவுக்குப் பெறுமதியான வேலை இல்லை. தோள் தையல் எலும்பைத் தாண்டி 1 அங்குலம் வரை விழுந்தால் கையைக் கழற்றி ஏற்றலாம்.

அபாயாவும் சல்வாரும் சுலபம், ஒன்றைத் தவிர. வயிறு வற்றும்போது முன்பக்கம் துணியைத் தூக்கிப் பிடித்திருந்த மேடு போய்விடுகிறது. ஆகவே முன்விளிம்பு இறங்கித் தரையைக் கூட்டும், படியேறும்போது காலில் மிதிபடும். பக்கத்தைப் பிடிக்கக் கொடுக்கும்போதே வழமையாகப் போடும் செருப்போடு நின்று கீழ் மடிப்பையும் குறிக்கச் சொல்லுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அபாயா தைத்தே பழகியவர்களிடம் இந்த வேலை துப்புரவாக வரும்.

அளவு பார்க்க உடுப்பைப் புறம் மாற்றிப் போட்டு ஊசி குத்துகிறார்கள். தோல் ஒரு பக்கம் கூடுதலாகத் தளர்ந்தவருக்கு இது ஆபத்து: நல்ல புறம் திருப்பும்போது இடது வலதாகிவிடும். சரியான புறம் போட்டுக் குத்தி, உள்ளே சோக்கால் மாற்றிக் குறிப்பவரே வேலை தெரிந்தவர்.

எல்லாவற்றிலும் பெரிய விதி: எடுத்த துணியை வெட்டக் கூடாது. தையல்கடைக்குக் கைப்பழக்கம், பிடித்தவுடன் ஓவர்லொக் போட்டு மிச்சத்தை வெட்டி எறிவது. ஊசியை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்தில் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று செமக்ளுடைட் ஆய்வின் தொடர்ச்சியே காட்டியது. உள்ளே 1 அங்குலம் துணி இருந்தால் சட்டை பிழைக்கும். கனத்த பட்டில் உள்விளிம்பு தடித்துத் தெரிந்தால் மடித்து இஸ்திரி போட்டுக் கைத்தையலால் தொட்டுவிடச் சொல்லலாம். வெட்டுவதற்கு அது சாட்டில்லை.

தையலுக்கு எங்கள் புள்ளி: பத்துக்கு ஒன்பது. போன ஒரு புள்ளி, சொன்ன நாளில் தராததற்கு.

மோதிரம், காப்பு, தோடு

விரல் வற்றியது கடலில்தான் தெரியவரும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ குளிக்கும்போது, ஆடி அமாவாசைக்கு முழுகும்போது, தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் கழன்று போகிறது. நிறை நிலைக்கும்வரை கடலுக்குக் கழற்றிவிட்டுப் போவதே புத்தி. உள்பக்கம் நூல் சுற்றுவது பழைய வழி. ஆனால் நூலில் சவர்க்காரமும் வியர்வையும் தங்கிப் புண்ணாக்கும். தெளிந்த பிளாஸ்டிக் சுருள் போட்டு, இரவில் கழற்றி உலர்த்துவது நல்லது.

பட்டறையில் சிறுப்பிக்கும்போது மோதிரத்தின் அடியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பற்றவைப்பார்கள். அமெரிக்க அளவு முறையில் ஒரு அளவு இறக்க ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர். அளவை மாலையில் கொடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் பின்னேரம் விரல் சற்று வீங்கும், காலை அளவுக்குச் செய்தால் மாலையில் கழற்ற முடியாது. முட்டி எலும்பு வற்றாது, விரலின் அடி மட்டுமே வற்றும். முட்டியைத் தாண்டி வந்ததும் அடியில் சுழலும் மோதிரத்தை வெட்டாமல் உள்ளே இரண்டு சின்னப் பொன்மணி வைத்துத் தரக் கேளுங்கள். முத்து, பவளம், மரகதம் பதித்திருந்தால் கல்லைக் கழற்றிவிட்டே நெருப்புக் காட்ட வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன்னே நிறுத்துப் பார்த்து, வெட்டிய துண்டைக் கையில் வாங்குங்கள். "சேதாரம்" என்ற சொல் இந்த வேலைக்குள் வந்தால் காரணம் கேளுங்கள்.

காதுச் சோணையும் வற்றுகிறது. முன்பு நேராக நின்ற தோடு முகம் கவிழ்ந்து தொங்கினால், திருகாணிக்கு முன் ஒரு அகலத் தகடு போட்டால் நிமிர்ந்துவிடும். துளை கீழே நீண்டுவிட்டால் கனத்த ஜிமிக்கியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூக்குக்கண்ணாடி

காசு கேட்காமலே சரிசெய்து தரும் கடைகள் பல. மூக்குத் தாங்கியை நெருக்கி, காதுக் கம்பியைச் சூடாக்கி வளைப்பது ஐந்து நிமிட வேலை. தூரமும் கிட்டவும் ஒரே வில்லையில் பார்க்கும் கண்ணாடி போடுபவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டம் இரண்டு மில்லிமீற்றர் வழுக்கினாலே வாசிக்கும் பகுதி கீழே போய், கழுத்தை உயர்த்தி வாசிக்க வேண்டிவரும். சீனி வருத்தம் உள்ளவர் ஊசி தொடங்கிச் சீனி வேகமாக இறங்கும் நாட்களில் புதுக் கண்ணாடிக்குக் காசு கட்ட வேண்டாம். கண்ணின் வில்லையே அப்போது மாறிக்கொண்டிருக்கும், சீனி சில கிழமை நிலையாக நின்றபின் சோதியுங்கள். ஒரு கண் திடீரென மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கட்டுப்பல் ஆடத் தொடங்கினாலும் அப்படியே. பசைக் குழாய் வாங்கிக்கொண்டிருக்காமல் பல் வைத்தியரிடம் உள்பக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கு உள்ளாடை

இதைத் தோல் இறுகும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம். கழற்றிய நிமிடம் தோல் பழைய இடத்துக்கே வரும். உடுப்புக்குள் மடிப்புத் தெரியாமல் இருக்கவும், நடக்கும்போது தொடையும் அடிவயிறும் உரசாமல் இருக்கவும் வாங்கினால் பயன் உண்டு. சாறிக்குள் போடும் மீன்வெட்டுப் பாவாடை வடிவில் வருவது இந்த வகையில் நல்ல சாமான். பழைய உள்பாவாடை நாடாவை விட அகலமாகப் பிடிப்பதால் தளர்ந்த வயிற்றுத் தோலுக்குள் வெட்டிக்கொண்டு போகாது. நாடாதான் வேண்டும் என்பவர்கள் கயிற்றை உருவிவிட்டு 2 அங்குல அகலப் பட்டி போடட்டும். அதே இடத்தில் நாளாந்தம் இறுக்கும் மெல்லிய கயிறு கருமையையும் புண்ணையும் கொண்டுவரும்.

அளவில்தான் பிழை விடுகிறார்கள். ஒரு அளவு சின்னதாக எடுத்தால் இன்னும் ஒல்லியாகத் தெரியும் என்று நினைப்பது. நடப்பது வேறு: மேல்விளிம்பு சுருண்டு உருளும், உருண்ட இடத்துக்கு மேலே தோல் பிதுங்கும். காலையில் சாப்பிட முன் இடுப்பையும் இடுப்புக்குக் கீழ் அகலமான இடத்தையும் அளந்து, பெட்டியில் உள்ள அட்டவணையில் இரண்டில் பெரிய எண்ணுக்குரிய அளவை எடுங்கள். நைலோன் மட்டும் என்றால் கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை போட முடியாது, தொடைப் பக்கம் பருத்தித் துணி சேர்ந்ததாகப் பாருங்கள். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும். கையால் கழுவி நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் இழுவை செத்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துபவை. சாப்பிட்ட கையோடு வயிற்றை இறுக்கினால் நெஞ்செரிவும் குமட்டலும் வரலாம். அளவு கூட்டிய முதல் கிழமைகளில் போடவே வேண்டாம். கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிறவர் பந்திக்கு முன் கழற்ற வழி பார்த்துக்கொள்ளட்டும்.

பார்மசியில்

மடிப்புக்குள் வரும் அரிப்பு, சிவப்பு, மணம்: திருகோணமலை ஈரப்பதத்தில் இதுதான் அன்றாடத் தொல்லை. அடிவயிறு, மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு. கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, காற்றாடிக்கு முன் நின்றோ முடி உலர்த்தியைக் குளிர் காற்றில் வைத்தோ முழுக்க உலர்த்துங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த ஒரு பட்டையை மடிப்புக்குள் வைத்து, நனைந்தால் மாற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை. பவுடரை அள்ளிக் கொட்டினால் வியர்வையோடு களியாகி உரசும். தேங்காயெண்ணெய் கைகாலுக்கு நல்லது, மடிப்புக்குள் வேண்டாம். ஓரம் தெளிவாகச் சிவந்து, சுற்றிலும் சின்னப் புள்ளிகள் இருந்தால் பங்கசு. க்ளோட்ரிமசோல் 1 வீதக் கிறீமைக் காலை மாலை மெல்லிதாகப் பூசி, மாறியபின்னும் ஒரு கிழமை தொடர வேண்டும்.

"மூன்று வேலையும் செய்யும்" என்று தரப்படும் கலவைக் கிறீமை வாங்காதீர்கள். அதில் ஸ்டீரொயிட் இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பங்கசு உள்ளே பரவும், மெல்லிய மடிப்புத் தோல் வரிவரியாக வெடிக்கும். குழாயில் பெட்டாமெதசோன், க்ளோபெட்டசோல் என்ற சொல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த அலுமாரியில் இறுக்கும் கிறீம்கள். கொலாஜன் கலந்தது என்று பெரிதாக எழுதியிருக்கும். கொலாஜன் என்பது தோலைத் தாங்கி நிற்கும் புரதம்; அதன் மூலக்கூறு தோலின் மேற்படையைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரியது, மேலே இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதைப் பத்தில் ஒரு பங்கு விலையில் சாதாரண ஈரப்பதக் கிறீமும் செய்யும், குளித்து மூன்று நிமிடத்துக்குள் பூசினால். கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரும் தோலை இறுக்காது, ஆனால் அது கிறீமைவிட மலிவு, குளித்த சந்தோஷமாவது மிச்சம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் உண்மையில் காசு பெறுமதியானவை இரண்டு. ஒன்று, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்த அளவு வேண்டும், வெளியில் நின்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை. கோணேசர் கோவிலுக்கு ஏறி இறங்குகிற ஒரு மணி வெயில் இருக்கிற கொலாஜனையும் தின்னும். மற்றது டிரெட்டினோயின் 0.025 வீதக் கிறீம், வைத்தியர் எழுதித் தந்தால். இரவில் பட்டாணி அளவு, முதலில் கிழமைக்கு இரண்டு நாள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவும் மெல்லிய சுருக்கத்துக்கே, தொங்கும் தோலுக்கில்லை. கர்ப்பம் எதிர்பார்ப்பவருக்குக் கூடாது.

தலைமுடி

முடி கொட்டுவதற்குக் காரணம் உடம்பு வேகமாக மெலிந்த அதிர்ச்சி. அதிர்ச்சி நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டத் தொடங்கும், அதனால் அண்மையில் மாற்றிய சாம்பு மேல் பழி விழுகிறது. வெகோவி ஆய்வுகளில் 3 வீதமானோரும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லா வெற்று ஊசி போட்டவர்களில் 1 வீதமானோரும் முடி கொட்டியதாகச் சொன்னார்கள். நிறை நிலைத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். புது முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், ஆகவே நெற்றி ஓரத்தில் குட்டை முடி குத்திட்டு நிற்பது நல்ல சகுனம்.

முடி உதிர்வுச் சாம்புக்குப் புள்ளி போடவே தேவையில்லை. பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரை குறைபாடு இல்லாதவருக்குப் பலன் தராது. பெரிய அளவில் எடுத்தால் தைரொயிட், மாரடைப்புக்கான இரத்தச் சோதனை முடிவுகளையும் குழப்பும். அந்தக் காசுக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), தைரொயிட் இரண்டையும் லாப்பில் பாருங்கள், சாப்பாடு குறைந்த பெண்களுக்கு இரும்பு அடிமட்டத்தில் இருப்பது சாதாரணம். சலூனில் கேட்கவேண்டியது தோளளவு, அடி ஒரே நேராக வெட்டு. படிப்படியாக வெட்டினால் நுனி இன்னும் மெலிந்து தெரியும். முடி நேராக்கும் மருந்தும் இறுக்கிப் பின்னலும் இந்த ஆறு மாதம் வேண்டாம்.

முகம்: பார்லர் எதுவரை?

ஒட்டிய கன்னத்துக்குக் காரணம் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்புத் திண்டுகள் வற்றியது. புருவம் எடுப்பது, முகம் துடைப்பது, கண்ணுக்குக் கீழ் குழியை மறைக்கும் மேக்கப் வரை பார்லரில் தாராளமாகச் செய்யலாம். மினுக்கும் பவுடரைக் குழியில் போடாமல் கன்ன எலும்பின் மேல் போடச் சொல்லுங்கள்.

தோலை இறுக்கும் அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை மெஷின்களுக்கு மெலிந்த முகத்தோடு உட்காரக் கூடாது. சூடு ஆழமாக இறங்கினால் மிச்சமிருக்கும் கொழுப்பும் கரைந்து குழி கூடும். குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி பார்லர் கதிரையில் போடும் சாமானே இல்லை. பிழையான இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகும், கண் பார்வையே போகலாம். ஹயலூரொனிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரொனிடேஸ் பக்கத்தில் இருக்கவேண்டும், அதைப் பாவிக்கத் தெரிந்த தோல் வைத்தியர் அல்லது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கவேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நிறை இறங்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பினால் மூன்று மாதத்தில் மறுபடி குழி, மறுபடி செலவு.

புரதமும் பாரமும்

தோலுக்கு அடியில் நிரப்பக்கூடியது தசை. இழக்கும் நிறையில் கால்வாசி முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை முதலான கொழுப்பற்ற பகுதியாக இருக்கலாம் என்பது ஆய்வுகளில் வந்த கணக்கு. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பாரம் தூக்குவதும், உடல் நிறை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதமும் இதைக் குறைக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். பசியே இல்லாதவருக்கு இது பெரிய எண். சமைத்த சூரை மீன் 100 கிராமில் 25 கிராம் அளவு, ஒரு முட்டையில் 6, உலர்ந்த சோயா 50 கிராமில் 25, சமைத்த பருப்பு 100 கிராமில் 9. சோற்றுக்கு முன் மீனைச் சாப்பிட்டு முடியுங்கள், வயிறு நிரம்பி மிஞ்சுவது சோறாக இருக்கட்டும். மீன் வாடி உள்ள ஊரில் இருந்துகொண்டு புரதப் பவுடரில் தொடங்குவது எங்களுக்கு விளங்காத கணக்கு. குமட்டலில் மீன் மணமே பிடிக்காத கிழமைகளுக்கு மட்டும் பவுடர் சரி. டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு 70 கிராமாவது புரதம் இருக்கிறதா பாருங்கள். பெரிய டப்பாவில் மலிவாக வரும் நிறை கூட்டும் பவுடரில் பெரும்பகுதி மாவுச்சத்துத்தான். பெயர் ஒன்றுபோல இருப்பதால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

சத்திரசிகிச்சை

அடிவயிற்றில் ஏப்ரன்போலத் தொங்கும் தோலுக்கு வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கடிதம் வாங்குவதே முறை. மடிப்புக்குள் திரும்பத் திரும்ப வந்த புண்ணின் படங்களைத் திகதியோடு கொண்டுபோங்கள், அழகுக்காகவா தேவைக்காகவா என்ற பேச்சு அதோடு முடியும். நிறை ஆறு மாதமாவது நிலைத்திருக்க வேண்டும், சிகரெட்டை ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் எந்த ஊசி, கடைசியாக எந்த நாள் என்று சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிஞ்சியிருக்கக்கூடும் என்பதே காரணம். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை தழும்பு நிற்கும், அது உள்பாவாடைக் கோட்டுக்குக் கீழே வருமாறு கோட்டை முதலே வரைந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தையல்கடைக்குப் போகும் நாளைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. தீபாவளிக்கு முந்திய மூன்று கிழமையும் நோன்பு மாதம் முழுவதும் இந்த வேலையோடு போகாதீர்கள். புதுத்துணி குவிந்து கிடக்கும்போது பிரித்துத் தைக்கும் வேலையைக் கடைப் பையனிடம் தள்ளிவிடுவார்கள், அவன் முதலில் எடுப்பது கத்தரிக்கோலை. தைப்பொங்கல் கழிந்த பிறகு, நோன்பு மாதம் இல்லாத நாளாகப் பார்த்து, முற்பகலில், கடை வெறிச்சோடிக் கிடக்கும் நேரம் போங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே போட்டு, இரண்டு கையையும் தூக்கி, ஒருதரம் உட்கார்ந்து எழும்பி, உள்ளே திருப்பி விளிம்பைத் தொட்டுப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.